பதில் வரவில்லை என்றால் சரி

‘ஸே’, ‘டெல்’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமலே ஒரு மனுஷன் எழுபது வயது வரை நிம்மதியாக இருந்துவிடலாம். எங்கள் சுந்தரபாண்டியத்தில் அப்படித்தான் இருக்கிறார்கள். தமிழில் ஒரே ‘சொல்’ போதும். அம்மாவிடம் சொல்லலாம், சாமியிடம் சொல்லலாம், யாருமே இல்லாவிட்டால் சும்மாவும் சொல்லிக்கொள்ளலாம். இங்கிலீஷ்காரன் அப்படி விடமாட்டான். ‘டெல்’ என்று வாயைத் திறந்தால் யாரிடம் என்று அடுத்த சொல்லிலேயே ஆளைக் காட்ட வேண்டும். என் வகுப்பில் முதல் நாள் பாடமே இதுதான்.

இன்ஸ்பெக்டர் மேடம், ஸ்டேஷனுக்கு வந்ததும் நடந்ததை என் கையாலேயே எழுதச் சொல்லித் தாள் கொடுத்தீர்கள். தமிழிலா இங்கிலீஷிலா என்று கேட்டேன். “தமிழ்லயே எழுதும்மா, நான்தான வாசிக்கணும்” என்றீர்கள். நியாயம்தான். என்னிடம் படித்த செல்வலட்சுமி எழுதிய புகாரின் நகலையும் அதற்கு முன் வாசிக்கக் கொடுத்தீர்கள். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். பாடத்தை வரிசையாக நடத்தித்தான் எனக்குப் பழக்கம்.

என் பெயர் சுடலைமாடத்தி. வயது இருபத்தாறு. பி.ஏ. ஆங்கிலம். எங்கள் தெருவில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். முடித்த அன்றைக்கு அப்பா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அதற்கு மறுநாளிலிருந்து தெருவில் எல்லோருக்கும் கேஸ் புக் செய்வது, ஆதாரில் பிறந்த தேதி திருத்துவது, முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பம் போடுவது எல்லாம் என் தலையில். “பிள்ள இங்கிலீஷ் படிச்சிருக்கு” என்று டாக்டர் சீட்டை நீட்டுவார்கள். டாக்டர் எழுதுவது இங்கிலீஷே இல்லை என்று எத்தனை தடவை சொல்வது.

பதினொரு இன்டர்வியூ போனேன். எல்லா இடத்திலும் என் பெயரை வாசிக்கும்போதே பாதி நேரம் போய்விடும். “சுடா... சுடலை...” என்று இழுத்து, சிரித்து, சின்னதாக வேறு பெயர் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒருமுறை ‘சுடா’ என்று கூப்பிடுங்கள் என்று நானே சொன்னேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அதை நினைத்து எனக்கு நானே கூசிப்போனேன். எனக்குக் கோபம் உண்டு மேடம், இல்லை என்று சொல்லமாட்டேன். கோபத்தில் எதையும் செய்யமாட்டேன், அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் ஐயாதுரை அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தொடங்கினேன். அறுபது நாள், அறுபது ஜோடி வினைச்சொல். ஸே-டெல், பாரோ-லெண்ட், ஹியர்-லிஸன் என்று நம் ஆட்கள் குழப்பிக்கொள்கிற சொற்களாகவே பொறுக்கி வைத்திருந்தேன். மூன்று மணிக்கு வீட்டுப் பெண்கள் வருவார்கள், ஐந்தரைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள். அன்றைய ஜோடியை வைத்து ஆளுக்கு இரண்டு மூன்று வாக்கியம் பேசி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டே விதி.

முதல் விதி, வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். முதல் பேட்ச்சில் மில்லில் நூல் கோன் சுற்றுகிற ஆளின் மகள் ‘மை ஃபாதர் இஸ் எ டாக்டர்’ என்று கைடு புத்தகத்தைப் பார்த்து ஒப்பித்தாள். மறுநாள் கேட்டால் அதுவும் மறந்துபோயிருந்தது. பொய் வாக்கியம் நாக்கில் ஒட்டாது. உன் வீட்டில் இன்று நடந்ததைச் சொல், ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் விதி, பிழை இருந்தால்தான் நான் பதில் போடுவேன். பிழை இல்லை என்றால் நீல டிக் மட்டும் விழும். நாற்பது பேருக்கு உட்கார்ந்து ‘குட், வெரி குட்’ என்று அனுப்ப எனக்கு நேரம் கிடையாது. “மிஸ்ஸு வாயத் தொறக்கலன்னா பாஸுட்டி” என்று பிள்ளைகளே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

இந்த முறையால் ராஜபாளையத்தில் பல வீட்டு விஷயம் எனக்குத் தெரியும். பாரோ-லெண்ட் நடத்திய அன்று ஒரு மாமியார் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய இட்லிக் கொப்பரை இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை என்பது தெரிந்தது. இங்கிலீஷில் சொல்லும்போது யாருக்கும் கூச்சம் வருவதில்லை. வீட்டில் யாருக்கும் புரியாது அல்லவா. நடு வீட்டில் மாமியார் முன்னாலேயே நின்று மாமியாரைப் பற்றிப் பேசி அனுப்புவார்கள். அந்தம்மாவும் மருமகள் படிக்கிறாள் என்று பெருமையாக டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பார்.

செல்வலட்சுமி சேத்தூர்ப் பிள்ளை. இருபத்தொரு வயது, படிப்பு பிளஸ் டூ. ராஜபாளையத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டினாள். தலையில் நூல் துணுக்கோடு நேராக வகுப்புக்கு வருவாள். வந்த முதல் நாளே கேட்டாள்.

“மிஸ், தப்பாச் சொன்னா அடிப்பீயளா?”

“அடிக்கமாட்டேன். திருத்துவேன்.”

“அதுக்கு அடியே தேவலயே மிஸ்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குப் பிடித்த பிள்ளை அவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாற்பத்தொன்றாவது ஜோடி முடிந்த வாரம், பேண்டேஜ் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி, கோயம்புத்தூர் ஆபீஸுக்குப் பெண்கள் வேண்டும் என்று மதுரையில் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ வைத்தது. வெளிநாட்டு ஆட்களோடு போனில் பேசும் வேலை, ஹாஸ்டல் உண்டு. எனக்கு அது பன்னிரண்டாவது. செல்வலட்சுமி தானும் வருகிறேன் என்றாள். சும்மா பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள்.

உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். நான் சொன்னேன். பிழை கிடையாது, திக்கவில்லை, ஆறு வருஷமாகத் தேய்த்து வைத்திருக்கும் பத்தி அது. அவர்களில் ஒரு அம்மா, “உங்க இங்கிலீஷ் ரொம்ப கரெக்ட்டா இருக்கு, புத்தகத்தைக் கேட்கிற மாதிரி” என்றார். பிறகு செல்வலட்சுமியைக் கேட்டார்கள். அவள் மிஷின் ஊசி தன் விரலில் இறங்கிய கதையைச் சொன்னாள். பக்கத்து மிஷின் பாண்டிச்செல்வி அலறிக்கொண்டு ஓடிப்போய்க் கட்டுத்துணி வாங்கி வந்தாளாம். அது எங்கள் ஊர்ப் பக்கமே நெய்த துணியாம். உங்கள் கம்பெனித் துணியை நான் உடம்பில் சுற்றிப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே பிடிக்கும் என்றாள். எண்ணினேன், ஏழு பிழை. இன்டர்வியூ எடுத்த மூன்று பேரும் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள். வரும் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள், அவளை.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். “எல்லாம் நீங்க சொன்னதுதான் மிஸ். உண்மையச் சொல்லுன்னு சொன்னீயல்லா. அதான் சொன்னேன்” என்றாள். நான் அவளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தேன்.

எனக்கு வருத்தமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான் மேடம். கோர்ஸ் பாதியில் நிற்கிறது. இன்னும் பத்தொன்பது ஜோடி பாக்கி. ஏழு பிழையோடு ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்காரன் காதுக்கு அனுப்பினால் நாளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கமாட்டார்களா. வாத்தியாருக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேத்தூருக்குப் போனேன். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா பிச்சையம்மாளும், லோடு ஆட்டோ ஓட்டும் அண்ணன் மாரீஸ்வரனும்தான். செல்வலட்சுமி ஞாயிறும் ஷிஃப்ட் என்று கம்பெனிக்குப் போயிருந்தாள். அது எனக்கு முன்பே தெரியும்.

“வாங்க டீச்சரு, இருங்க, கலர் வாங்கியாரச் சொல்லுதேன்” என்றார் பிச்சையம்மாள். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். சொல்லிக் காட்டுவதைவிடக் கேட்கவைப்பது நல்லது என்று போனை எடுத்து வைத்தேன். அவள் அனுப்பிய வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக அதில் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ‘அம்மாவிடம் வகுப்புக்குப் போவதாகச் சொன்னேன், மதுரையைப் பற்றிச் சொல்லவில்லை.’ ‘மாமா மகனைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், நான் தலையை ஆட்டி வைத்திருக்கிறேன்.’ ‘திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போகிறேன், ஃப்ரெண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.’

இங்கிலீஷில் ஃப்ரெண்டு என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள், அன்று நானும் ஆணா பெண்ணா என்று காட்டாமல்தான் தமிழில் சொன்னேன். ‘சொல்லியிருக்கிறாள்’ என்று இப்போது உங்களுக்காகத் தெளிவாக எழுதுகிறேன். மாரீஸ்வரன் கலர் பாட்டிலைக் கீழே வைத்தான்.

“ஃப்ரெண்டா? எந்தப் பய மிஸ் அவன்?”

“அதில் பெயர் இல்லை” என்றேன்.

உண்மையிலேயே பெயர் இல்லை. பாண்டிச்செல்விதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாக்கியத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்ப்பது தப்பு. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே அவளை மாடி ரூமில் வைத்துப் பூட்டினார்கள். வேலை போயிற்று. போனை மாரீஸ்வரன் வாங்கி வைத்துக்கொண்டான். பூட்டச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் போன் செய்து, படிப்பை நிறுத்தினால் பிள்ளை மனசு கெட்டுப்போகும், தினமும் பாடத்தை மட்டும் அனுப்பட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவன் ஒரு நிபந்தனை போட்டான்.

“எம் முன்னாலதான் பேசணும் மிஸ். ஏடாகூடமா எதாச்சும் சொன்னா நீங்க எனக்குச் சொல்லிரணும்.”

“கண்டிப்பாக” என்றேன்.

அதிலிருந்து தினமும் ஆறு மணிக்கு மாடிப்படிப் பக்க ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று அவன் போனை நீட்டுவான், உள்ளேயிருந்து அவள் பேசுவாள், என் திருத்தம் வந்தால் அதையும் காட்டுவான். பாடம் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. வகுப்புக்கு வந்த காலத்தில்கூட அவளிடம் அந்த ஒழுங்கு இருந்ததில்லை.

விதியையும் மறக்கவில்லை. எல்லாமே உண்மை வாக்கியங்கள். உங்களுக்கு வசதியாகத் தமிழில் தருகிறேன். ஹியர்-லிஸன் அன்று: ‘பூட்டுச் சத்தம் காதில் விழுகிறது. நான் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.’ ‘லிஸன்’ பின்னால் ‘டு’ விட்டிருந்தாள், திருத்தி அனுப்பினேன். லெட்-அலவ் அன்று: ‘என்னை வெளியே விடமாட்டேன் என்கிறார்கள். குளிக்க மட்டும் அனுமதிக்கிறார்கள்.’ ‘லெட்’ பின்னால் ‘டு’ வராது, அங்கே போய்ப் போட்டிருந்தாள். திருத்தினேன். வெயிட்-ஹோப் அன்று: ‘மிஸ், உங்களுக்காகக் காத்திருக்கிறேன். நீங்கள் யாரிடமாவது சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.’ ‘வெயிட்’ என்றால் ‘ஃபார்’ வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று உதாரணம் போட்டு அனுப்பினேன்.

கெட்டிக்காரி மேடம். ‘ஹெல்ப்’, ‘போலீஸ்’ மாதிரி அண்ணனுக்குத் தெரிந்த சொல் ஒன்றைக்கூட வாயில் எடுக்கவில்லை. அவனும் தினமும் போனில் கேட்பான். “என்ன மிஸ் சொல்லுதா?”

“பாடம்தான்” என்பேன்.

ஒரு நாள்கூட அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருப்பானோ. அந்தப் பத்தொன்பது நாளும் அவளைப் பாதுகாத்தது நான்தான்.

அறுபதாவது ஜோடி பிரிங்-டேக். ஒரு பொருள் நம்மை நோக்கி வந்தால் ‘பிரிங்’, நம்மைவிட்டுப் போனால் ‘டேக்’. பழைய மாணவர்களே தடுமாறும் ஜோடி இது. அவள் அனுப்பியது: ‘நாளைக்கு வீட்டுப் பெண்கள் உங்களிடம் வரும் நேரத்தில் அண்ணன் லோடு எடுக்கப் போவான். பின்பக்க ஜன்னலில் இரண்டு கம்பியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். நீங்கள் வகுப்புக்கு எதில் வருவீர்களோ அதைக் கொண்டு வாருங்கள். அதற்குக் கீழே நின்று எனக்குக் கை கொடுங்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்.’

ஸ்கூட்டி என்ற சொல் அண்ணனுக்குத் தெரியும் என்று சுற்றிவளைத்துச் சொன்னாள் பாருங்கள், அந்த வாக்கிய அமைப்பை நான் நடத்தவே இல்லை. தானாகப் பிடித்திருக்கிறாள். ‘பிரிங்’ அதன் இடத்தில், ‘டேக்’ அதன் இடத்தில். இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். ஒரு பிழை இல்லை.

அதனால் பதில் போடவில்லை. நீல டிக் விழுந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு வகுப்பில் இருந்தேன். இருபது பெண்கள் சாட்சி. மூன்று பத்துக்கு ஒருமுறை மணி பார்த்தேன், மூன்று நாற்பதுக்கு ஒருமுறை. ஸ்கூட்டி கீழே ஜெராக்ஸ் கடை வாசலில்தான் நின்றது. ஐயாதுரை அண்ணாச்சி, “என்ன டீச்சர், இன்னைக்கு அடிக்கடி ஜன்னலுக்கு வாரீய?” என்று கீழேயிருந்து கேட்டார். வெக்கை என்றேன்.

சேத்தூரில் நடந்தது புகாரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். கம்பியை எடுத்து வெளியே வந்து, கீழ் ஜன்னலின் சன்ஷேடில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். மிஸ் வாயைத் திறக்கவில்லை என்றால் பாஸ் அல்லவா, நான் வருவேன் என்றே இருந்திருக்கிறாள். தெரு முனையில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டதும் குதித்துவிட்டாள். வலது கையும் இடுப்பெலும்பும் முறிந்துவிட்டன. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, இனி கம்பு ஊன்றித்தான் நடக்க முடியும் என்று சொல்லியிருக்கிறார்களாம். நான் தள்ளிவிடவில்லை. குதிக்கச் சொல்லவும் இல்லை.

இப்போது மாரீஸ்வரனும் பிச்சையம்மாளும் அடுத்த அறையில் உங்கள் ஆட்களிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தம்மா அழுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. “டீச்சரு நல்ல பிள்ளயாச்சே, அவிய கிட்டக் கேளுங்க” என்கிறார். அவளை என்னிடம் நம்பித்தான் அனுப்பினார். நானும் பொறுப்பாகத்தான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். அன்று நான் சேத்தூருக்குப் போகாமல் இருந்திருந்தால் அவள் நாற்பத்தொன்றோடு நின்றிருப்பாள். என் வகுப்பில் அறுபதையும் முடித்தவர்கள் மொத்தமே நாலு பேர்தான்.

புகாருக்கு வருகிறேன். படுக்கையில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் தமிழில் எழுத முடியாமல், பாடம் எழுதுகிற மாதிரி இங்கிலீஷில் எழுதி நர்ஸிடம் கொடுத்திருக்கிறாள். வலது கையில் மாவுக்கட்டு. இரண்டு பக்கமும் இடது கையால் எழுதியது. எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் வாசித்துவிட முடிகிறது. நீங்கள் நீட்டியதும் பையிலிருந்து என் சிவப்புப் பேனாவை எடுத்தேன். நீங்கள் ஒரு மாதிரி பார்த்தீர்கள். பழக்க தோஷம் மேடம்.

ஸே சரி. ஹியர், லிஸன் சரி. ‘லெட்’ பின்னால் ‘டு’ இல்லை. ‘வெயிட்’ பின்னால் ‘ஃபார்’ இருக்கிறது. மதுரையில் ஏழு பிழை விட்ட பிள்ளை. கடைசி வரி: ‘இவை எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் நான் என் டீச்சரிடம் சொன்னேன்.’ ‘டெல்’தான் போட்டிருக்கிறாள். யாரிடம் என்று ஆளையும் காட்டியிருக்கிறாள்.

பேனாவைத் திறந்தபடியே இரண்டு பக்கத்தையும் மறுபடி ஒருமுறை பார்த்தேன். திருத்த ஒரு இடம்கூட இல்லை. அதனால்தான் மேடம், “இதுக்கு என்னம்மா பதில் சொல்லுதே?” என்று நீங்கள் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை.